சிறகடிக்கும் பொறிகளும் அந்தமான் உழவாரன்களும்

அந்தமான் நிக்கோபார்த் தீவுக் கூட்டம் வடக்கு தெற்காக 700 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. தீவுகள், திட்டுகள், பாறைகள் யாவும் சேர்ந்து 836 எனக் கணக்கிடப்பட்டுள்ளன. மக்கள் வாழ்பவை 31 மட்டுமே. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரிலிருந்து பெரிய நிக்கோபாரின் காம்ப்பெல் விரிகுடா 500 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. இடையில் பத்துப் பாகைக் கால்வாய் குறுக்கிடுகிறது. பருவமழைக் காலத்தில் கப்பல் தவறினால் மருந்தும் தபாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

இத்தகைய நிலப்பரப்பில் சிறிய ஆளில்லா வானூர்திகளுக்கு, அதாவது ட்ரோன்களுக்கு, இயல்பாகவே ஒரு தேவை உண்டு. 2021 செப்டம்பரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு, கண்ணுக்கெட்டாத தொலைவுக்கு ட்ரோனைச் செலுத்தித் தடுப்பூசி கொண்டு செல்ல அரசு நிபந்தனையுடன் கூடிய அனுமதி அளித்தது. அனுமதி பெற்ற பகுதிகள் மணிப்பூர், நாகாலாந்து, அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் ஆகியவை. மறு மாதமே மணிப்பூரில் பிஷ்ணுப்பூர் மருத்துவமனையிலிருந்து லோக்தக் ஏரியின் நடுவிலுள்ள கராங் தீவுக்கு மருந்து பறந்தது. சாலை வழியே 26 கிலோமீட்டர். வான் வழியே 15 கிலோமீட்டர். பிடித்த நேரம் கால் மணிக்குள்.

அன்று பறந்த பொறி சுழலிகளால் இயங்குவது. இயற்கையில் சுழலி கொண்டு பறக்கும் விலங்கு எதுவும் இல்லை. பறவையும் வௌவாலும் பூச்சியும் சிறகை மேலும் கீழும் அடித்தே பறக்கின்றன. சிறகடித்துப் பறக்கும் பொறியை அமைக்க மனிதன் செய்த முயற்சி விமானத்தைவிடப் பழமையானது. அதன் வெற்றியோ மிகவும் பிந்தியது. இந்த ஆராய்ச்சி இன்று எந்த நிலையில் உள்ளது, நம் தீவுகளுக்கு அதனால் என்ன பயன், அதற்குப் பாடம் சொல்லித்தரும் பறவைகளை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பவை இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

சிறகடிப்பின் இயக்கம்

விமானத்தில் இரண்டு வேலைகள் இரண்டு உறுப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுள்ளன. அசையாத இறக்கை விமானத்தைத் தாங்குகிறது. எஞ்சின் அதனை முன்னோக்கித் தள்ளுகிறது. பறவையிடம் இந்த வேலைப் பிரிவினை இல்லை. ஒரே சிறகு தாங்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். 1799-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் கேய்லி இவ்விரு வேலைகளையும் மனத்தளவில் பிரித்துக் காட்டியபோதுதான் மனிதன் பறப்பதற்கான வழி பிறந்தது. பறவையைப் பின்பற்றுவதைக் கைவிட்டதனாலேயே விமானம் பிறந்தது என்று கூறினும் மிகையாகாது. ஜெர்மனியின் ஆட்டோ லிலியந்தால் பறவைகளின் பறத்தல் பற்றி 1889-இல் நூல் எழுதியவர். எனினும் அவர் பெயர் நிலைத்தது அசையாத இறக்கை கொண்ட மிதவை விமானங்களாலேயே.

சிறகு கீழ்நோக்கி அடிக்கும்போது, பறவையின் முன்னோக்கிய வேகமும் சிறகின் கீழ்நோக்கிய வேகமும் சேர்வதால், காற்று முன்புறத்திலிருந்தும் சற்றுக் கீழிருந்தும் வந்து சிறகைத் தாக்குகிறது. காற்று வரும் திசைக்குச் செங்குத்தாகவே தூக்கு விசை அமையும். ஆகவே அவ்விசை நேர் மேலே நோக்காமல் முன்புறமாகச் சாய்கிறது. சாய்ந்த பகுதியே உந்து விசையாகிறது. மேலே உயர்த்தும்போது இதே கணக்கு எதிராக வேலை செய்யும். அதனால் பறவை சிறகை மடக்கியும் முறுக்கியும் அந்த இழப்பைக் குறைத்துக் கொள்கிறது. மடக்குதல், முறுக்குதல் என்னும் இவ்விரு சொற்களில்தான் பொறியியலாளரின் தலைவலி முழுதும் அடங்கியுள்ளது.

எவ்வளவு வேகமாக அடிப்பது என்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. சிறகு நுனி மேலும் கீழும் செல்லும் தூரத்தை ஒரு வினாடியில் அடிக்கும் எண்ணிக்கையால் பெருக்கி, முன்னோக்கிய வேகத்தால் வகுத்தால் வரும் ஈவுக்கு ஸ்ட்ரௌஹால் எண் என்று பெயர். பறவை, வௌவால், பூச்சி ஆகியவை சீராகப் பறக்கும்போது இந்த எண் பெரும்பாலும் 0.2-க்கும் 0.4-க்கும் இடையில் அமைகிறது என 2003-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் காட்டினர். நீந்தும் மீனின் வாலுக்கும் இது பொருந்துகிறது. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்ல வேண்டிய ஒரு சிறு பொறியின் சிறகு நுனி 20 சென்டிமீட்டர் ஏறி இறங்குமானால், எண் 0.3 ஆக அமைய வினாடிக்கு 15 முறை சிறகடிக்க வேண்டும். 15 முறை சிறகை முடுக்கி, 15 முறை நிறுத்தி, மீண்டும் எதிர்த்திசையில் முடுக்க வேண்டும். பற்சக்கரங்கள் தேய்வதும் சிறகின் வேர் முறிவதும் இதனால்தான்.

பூச்சிகளின் நிலை வேறு. பழைய விமானவியல் கணக்கின்படி அவற்றின் சிறகுகள் அவற்றைத் தாங்கப் போதா. சிறகின் முன்விளிம்பில் ஒரு காற்றுச் சுழல் உருவாகி, அடி முடியும் வரை கழன்று போகாமல் ஒட்டியே நிற்பதால் கூடுதல் தூக்கு விசை கிடைக்கிறது என்பதை 1996-இல் கேம்பிரிட்ஜில் எல்லிங்டன் குழுவினர் விட்டில் பூச்சியிடம் கண்டனர். விமானத்தில் இத்தகைய சுழல் தோன்றிக் கழன்றால் அது விபத்தின் அறிகுறி. பூச்சிக்கோ அதுவே வாழ்வாதாரம்.

உழவாரனின் இறக்கை

மாலை வேளையில் வடக்கு அந்தமானின் சுண்ணாம்புக் குகைகளுக்குத் திரும்பும் சிறு பறவைகளைக் காண்போருக்கு அவை சிட்டுகள் போலத் தோன்றலாம். உண்மையில் அவை உழவாரன் இனத்தைச் சேர்ந்தவை. பின்னோக்கி வளைந்த கூரிய இறக்கை, புல் செதுக்கும் உழவாரத்தை நினைவூட்டும். இறக்கையின் வடிவத்தையே பெயருக்குள் அடக்கிவிடும் தமிழ்ச் சொல் இது. வானூர்திப் பொறியாளருக்கு வேண்டிய செய்தியும் அந்த வளைவில்தான் இருக்கிறது.

ஐரோப்பாவின் பொது உழவாரனை நெதர்லாந்து, சுவீடன் ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். இறந்த பறவைகளின் இறக்கைகளைப் பல கோணங்களில் விரித்து உலர்த்திக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தனர். 2007-இல் வெளியான முடிவு எளியது: மெதுவாக மிதக்கும்போது இறக்கையை முழுதும் விரிப்பதும், விரைந்து திரும்பும்போது பின்னோக்கி மடக்குவதும் பறவைக்கு ஆதாயம். தக்க வளைவைத் தேர்ந்தால் கீழிறங்கும் வேகம் பாதியாகும், அல்லது திரும்பும் விரைவு மூன்று மடங்காகும். இதனைப் பின்பற்றி டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக் கழக மாணவர்கள் இறக்கை வளைவை மாற்றிக் கொள்ளும் ரோபோஸ்விஃப்ட் என்னும் சிறு விமானத்தை அமைத்தனர். அதற்கு உந்து விசை தந்தது சிறகடிப்பு அன்று, சுழலிதான். பறவையிடமிருந்து ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக் கொண்டு மற்றதை விட்டுவிடும் இம்முறையே இதுவரை மிகுதியும் பயன் தந்துள்ளது.

பொது உழவாரன் கூடு கட்டாத பருவத்தில் பத்து மாதங்கள் வரை தரையில் இறங்காமலே வாழ வல்லது என்பதை 2016-இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக் கழக ஆய்வு உறுதி செய்தது. அந்தமானின் சிறு உழவாரன் இதே குடும்பத்தினதாயினும் அதைப் பற்றி இவ்வாறு கூறுவது பொருந்தாது. அது இரவில் குகைக்குத் திரும்பும் பறவை. அதன் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. ஒளியே புகாத குகையில் அது சொடுக்குவது போன்ற ஒலியை எழுப்பி, எதிரொலியைக் கேட்டு வழி அறிகிறது. வௌவாலின் ஒலி மனிதச் செவிக்கு எட்டாது. இப்பறவையின் ஒலி நம் காதுக்கே கேட்கும். செயற்கைக்கோள் சமிக்ஞை நுழையாத சுரங்கத்திலும் இடிந்த கட்டடத்திலும் வழி தேட வேண்டிய பொறிகளை அமைப்போர் இந்த எளிய முறையைக் கவனிக்க வேண்டும்.

எடையும் ஆற்றலும்

பொருளாதாரம் பயின்றோருக்கு இத்துறையின் நிலையை ஒரே கணக்கில் விளக்கிவிடலாம். பறவையின் எரிபொருள் கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்பில் ஏறத்தாழ 39 கிலோஜூல் ஆற்றல் உள்ளது. கிலோவுக்கு 10,800 வாட்-மணி எனலாம். தசை அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே வேலையாக மாற்றினாலும் 2,000 வாட்-மணிக்கு மேல் கிடைக்கும். சிறு பொறிகளில் பயன்படும் லித்தியம் மின்கலமோ கிலோவுக்கு 200 வாட்-மணி அளவே தருவது. மோட்டாரிலும் பற்சக்கரத்திலும் ஏற்படும் இழப்பு போக 120 எஞ்சலாம். ஒரே எடைக்குப் பறவையின் சேமிப்பு பதினைந்து மடங்குக்கும் மேல். வெட்டவெளியில் நாள் முழுதும் பறக்கும் பறவையின் பக்கத்தில் அதே எடையுள்ள பொறி சில நிமிடங்களில் இறங்கி விடுவதன் காரணம் இதுவே. வடிவமைப்பின் குறை மட்டும் அன்று.

இந்த வரம்புக்குள் நடந்தவை வியப்புக்குரியவை. டெல்ஃப்ட் பல்கலைக் கழகத்தின் டெல்ஃப்ளை மைக்ரோ 2008-இல் வெறும் 3 கிராம் எடையில், 10 சென்டிமீட்டர் சிறகு விரிவில், நிழற்படக் கருவியுடன் பறந்தது. 2011-இல் அமெரிக்காவில் 19 கிராம் எடையுள்ள செயற்கைத் தேன்சிட்டு ஒன்று அந்தரத்தில் நின்று காட்டியது. அதே ஆண்டு ஜெர்மனியின் ஃபெஸ்டோ நிறுவனம் 2 மீட்டர் விரிவும் அரைக் கிலோவுக்குக் குறைந்த எடையும் கொண்ட செயற்கைக் கடற்காகத்தைப் பறக்கவிட்டது. மனிதன் தன் தசை வலிமையால் சிறகடித்துப் பறந்ததும் உண்டு. டொராண்டோ பல்கலைக் கழகத்தினர் அமைத்த ஸ்நோபேர்ட் 2010 ஆகஸ்டில் 145 மீட்டர் தூரம் 19.3 வினாடிகளுக்குப் பறந்தது. லியொனார்டோ டா வின்சி வரைந்த கனவு ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் இருபது வினாடிகூட நீடிக்கவில்லை என்று நகைப்போர் நகைக்கலாம்.

நம் நாட்டின் பங்கு

பறத்தல் ஆராய்ச்சியில் இந்தியாவுக்கு உரிய இடம் பலருக்குத் தெரியாது. ஆக்ராவில் அரசு இரசாயனப் பரிசோதகராக இருந்த எர்னெஸ்ட் ஹேன்பரி ஹேன்கின், கங்கை, யமுனை நீர் காலராக் கிருமிகளைக் கொல்லும் தன்மையது என 1896-இல் எழுதியவர். ஓய்வு நேரங்களில் கழுகும் பருந்தும் சிறகசையாமல் மிதக்கும் விதத்தை ஆண்டுக் கணக்கில் குறித்து வைத்து, 1913-இல் விலங்குகளின் பறத்தல் பற்றித் தனி நூலே வெளியிட்டார். கருவி என்று பெரிதாக எதுவும் இன்றி, பொறுமையான கவனிப்பால் மட்டுமே எழுந்த நூல் அது. பின்னர் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக் கழகத்தின் ஜே. சி. ஜார்ஜ், பறவையின் மார்புத் தசை கொழுப்பை எரித்து நெடுநேரம் உழைக்கும் விதத்தை ஆராய்ந்தார். அவர் ஆண்ட்ரூ பெர்கருடன் இணைந்து 1966-இல் வெளியிட்ட பறவைத் தசையியல் நூல் உலகெங்கும் எடுத்தாளப்படுவது. மேலே கூறிய கொழுப்புக் கணக்கின் உயிரியல் அடிப்படை இங்கேதான் வலுப்பெற்றது.

அண்மைக் காலத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் இணைந்து நுண் வானூர்திகளுக்கென ஒரு தேசியத் திட்டத்தை நடத்தின. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் சிறிய நிலை இறக்கை விமானங்களை அமைத்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் சிறகடிப் பொறிகள் அமைக்கப்பட்டுப் பறக்கவிடப்பட்டன. சிறகடிப்பின்போது காற்றோட்டம் எப்போது ஒழுங்கு குலைகிறது என்பதைச் சென்னை ஐ.ஐ.டி.யில் கணிப்பொறி வழியே ஆராய்ந்துள்ளனர். ஆயினும் பறவையியலாரும் வானூர்திப் பொறியாளரும் ஒரே மேசையில் அமர்வது நம் நாட்டில் அரிது. காற்றுச் சுரங்கம் பெங்களூரில், பறவை ஆய்வு கோயம்புத்தூரில், பறவையோ அந்தமானில்.

கூட்டின் விலை

ஆராயப்பட வேண்டிய பறவை எஞ்சியிருக்குமா என்பதே ஒரு காலத்தில் ஐயமாக இருந்தது. உண்கூட்டு உழவாரன் தன் உமிழ்நீரை மட்டுமே கொண்டு குகைச் சுவரில் வெண்ணிறக் கூடு கட்டுகிறது. கட்டி முடிக்க ஒரு மாதம் அல்லது அதற்கு மேலும் ஆகும். சீன உணவில் இக்கூட்டுச் சாறு உயர்ந்த பண்டம். கிலோவுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பெறுவது. ஒரு கிலோ சேர ஏறத்தாழ நூறு கூடுகள் வேண்டும். குகை எவருக்கும் உரியதன்று. முட்டை இருக்கிறதா, குஞ்சு இருக்கிறதா என்று பார்த்து ஒருவன் இன்று விட்டு வைத்தால், நாளை மற்றொருவன் எடுத்துக் கொள்வான். பொதுச் சொத்தின் சீரழிவு எனப் பொருளாதார வகுப்பில் கற்பிக்கப்படுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

கோயம்புத்தூரிலுள்ள சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் 1990-களின் நடுவில் தீவுதோறும் குகைகளைத் தேடிச் சென்று எண்ணினார். ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குள் இப்பறவையின் தொகை 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டதென்பது அவர் கணிப்பு. தடைச் சட்டம் மட்டும் போதாது என அவர் கருதினார். எண்ணற்ற குகைகளுக்கும் காவல் போட இயலாது. குகைகளின் வழி அறிந்தவர்களோ கூடு எடுப்போரே. ஆகவே அவர்களையே காவலராக்கும் திட்டம் வனத்துறையின் துணையுடன் 1999-இல் வடக்கு அந்தமானின் சாலிஸ் ஏக் குகைகளிலும் இண்டர்வியூ தீவிலும் தொடங்கிற்று. குஞ்சு பறந்து சென்ற பின்னரே கூட்டை எடுப்பது என்பது அதன் அடிப்படை விதி.

அடுத்த படி வீடுகள். ஜாவாத் தீவில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலே இப்பறவைகள் கட்டடங்களில் குடியேறி, வீட்டுடையோருக்கு வருவாய் தந்து வந்துள்ளன. அந்தமானிலும் அவ்வாறு செய்ய, வீடுகளில் கூடு கட்டும் பழக்கமுள்ள மற்றொரு சிறு உழவாரனின் கூட்டில் உண்கூட்டு உழவாரனின் முட்டையை வைத்து வளர்க்கும் சோதனை துகாபூரில் மேற்கொள்ளப்பட்டது. பிறந்த வீட்டுக்கே பறவை திரும்பும் என்பது நம்பிக்கை. இதற்கிடையில் 2002-இல் இப்பறவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. நோக்கம் நல்லது, ஆனால் அதனால் கூடு விற்பது முற்றிலும் குற்றமாகி, காவலரான கூடு எடுப்போரின் எதிர்கால வருவாய்க்கான வழியும் அடைபட்டது. நெடிய வாதத்துக்குப் பின்னரே அத்தடை தளர்த்தப்பட்டது. ரவி சங்கரன் 2009 ஜனவரியில் மறைந்தார். சட்டம் கடுமையாக இருப்பதற்கும் பயனுள்ளதாக இருப்பதற்கும் உள்ள வேற்றுமையை அதிகாரிகள் கற்க இவ்வரலாறு போதும்.

தீவுகளில் பயன் எது?

காம்ப்பெல் விரிகுடாவுக்கு மருந்து கொண்டு செல்லும் வேலை சிறகடிப் பொறிக்கு உரியதன்று. அதற்கு நிலை இறக்கையும் சுழலியும் கலந்த பெரிய ட்ரோன்களே தகும். ஆற்றல் கணக்கு அதற்கு மேல் இடந்தராது. இதனை மறைத்து நிதி கேட்கும் திட்ட அறிக்கைகளை ஐயத்துடனே நோக்க வேண்டும். சிறகடிப் பொறியின் இடம் சிறிது, நெருக்கமானது. காட்டின் கிளைகளுக்கிடையில், பாழடைந்த கட்டடத்தினுள், சிறகு பட்டாலும் காயம் நேராத தொலைவில் அது பயன்படும். குகைக்குள் கூடுகளை எண்ணுவதும் அத்தகைய வேலைதான். செங்குத்தான சுவரில் மூங்கில் கட்டி ஏறி எண்ணுவதில் ஆளுக்கும் ஆபத்து, பறவைக்கும் தொல்லை.

விதிமுறையிலும் ஓர் இடைவெளி உள்ளது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் ஆளில்லா வானூர்திகளை நிலை இறக்கை, சுழலி, கலப்பு என மூன்றாக வகுத்தன. சிறகடிப் பொறிக்கு அவ்வகைப்பாட்டில் பெயர் இல்லை. எடை 250 கிராமுக்குட்பட்டவை நானோ வகையில் அடங்கி, பல கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறுகின்றன. இன்றைய சிறகடிப் பொறிகளில் பல அதனினும் இலேசானவை. மாணவர் சோதனைக்கு இது வசதி. ஆனால் தொல்குடியினர் வாழும் ஒதுக்கிடங்கள் உள்ள தீவுகளில் இவ்வசதியே கவலைக்கும் இடமாகிறது. தொல்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை 1956 முதல் நடைமுறையில் உள்ளது. ஜாரவா மக்களைச் சாலையிலிருந்து படம் எடுப்பதே குற்றம். பறவையின் உருவில் ஓசையின்றிச் செல்லும் நிழற்படக் கருவி காட்டுக்கு மேலே பறந்தால் அதைக் கண்டறிவது யார்? பொறி பெருகும் முன்னரே தீவு நிர்வாகம் இதற்கு விடை காண்பது நலம்.

குகைச் சோதனைக்கும் முன் ஒரு கேள்வி எஞ்சுகிறது. உழவாரன் வழி அறியும் ஒலி மனிதச் செவிக்குக் கேட்கும் எல்லைக்குள் அமைந்தது. சுழலி ட்ரோனின் இரைச்சலும் அதே எல்லையில்தான் மிகுதி. இருளில் அந்த இரைச்சல் பறவையின் எதிரொலியை மூழ்கடிக்கக்கூடும். சிறகடிப்பின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த சுருதியினது. எனினும் மோட்டாரும் பற்சக்கரமும் எழுப்பும் ஓசை அவ்வாறன்று. எந்தப் பொறி எவ்வளவு தொலைவில் பறவையின் ஒலியைக் குலைக்கிறது என்பதை முதலில் பறவை இல்லாத குகையில், பதிவு செய்த ஒலிகளைக் கொண்டு அளந்து பார்க்கலாம். இதற்குப் பெரிய நிதி வேண்டுவதில்லை. ஒலிவாங்கிகள் சில, ஒரு பொறி, பொறியியல் கல்லூரி மாணவர் இருவர், குகையின் வழி அறிந்த கூட்டுக் காவலர் ஒருவர் போதும்.